ஸ்பிரிங் வாஷரை நம்பி எஞ்சினை மூடாதீர்கள்

மறுபடியும் ஓர் அம்பாசடர் கார். சிலிண்டரை 'போர்' செய்து (கடைந்து), புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங் எல்லாம் போட்டு மூடிய 1489 சிசி எஞ்சின். ரன்னிங்-இன் (ஆரம்பப் பழக்க ஓட்டம்) கூட முடியவில்லை, பிளாக்கின் பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. கனெக்டிங் ராடைக் கிராங்கோடு பிடிக்கும் பிக் எண்டு போல்ட் ஒன்று அறுந்து, ராடு வெளியே வந்துவிட்டது. அறுந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெரும்பகுதி வழுவழுப்பாக, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி வரிவரியாக இருக்கும். ஓரத்தில் கொஞ்சம் மட்டும் சொரசொரப்பாகப் பிய்ந்திருக்கும். அந்த வரிகள் இருந்தால் போல்ட் ஒரே அடியில் போகவில்லை, நாள்பட அறுந்திருக்கிறது. உடனே "பொருள் மட்டம்" என்று சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைக்காரரைத் திட்டக் கிளம்புகிறார்கள். பெரும்பாலும் பொருளில் கோளாறு இருக்காது, போல்டை இறுக்கிய முறுக்கில்தான் (டார்க்) இருக்கும்.

இப்படி வரும் எஞ்சின்களைக் கழற்றிக் கேட்டால் ஒரே பதில்: "ஸ்பிரிங் வாஷர் போட்டுத்தானே சார் டைட் பண்ணோம், எப்படிக் கழலும்?"

நன்றாகக் கழலும். ஸ்பிரிங் வாஷர் ஸ்பிரிங்காக வேலை செய்வது நட்டு முழுதாக இறுகும் வரைதான். சரியான முறுக்கு வந்ததும் அது தட்டையாகப் படுத்துவிடும். அதன்பின் அது சாதாரண வாஷர், அதிலும் நடுவில் வெட்டுப்பட்ட வாஷர். அது இன்னும் நிமிர்ந்து நிற்கிறதென்றால் நட்டு இறுகவே இல்லை என்று பொருள். ஜெர்மானியப் பொறியாளர் யுங்கர் 1969இல் போல்ட் மாட்டிய பாகத்தைப் பக்கவாட்டில் ஆட்டிச் சோதித்துக் காட்டியது இதைத்தான்: மரை தானாகக் கழல முக்கியக் காரணம் பக்கவாட்டு அசைவு, அதை ஸ்பிரிங் வாஷரால் தடுக்க முடியாது. நாசாவின் போல்ட்-நட்டு வடிவமைப்புக் கையேடும் (1990) அதற்குப் பூட்டும் திறன் இல்லை என்றே சொல்கிறது. "கம்பெனியே போட்டிருக்கிறானே" என்பார்கள். போட்டிருக்கிறான்தான். பழைய கிளாம்ப் வகை ராடில் பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் போல்டுக்கு அடியில்கூட ஸ்பிரிங் வாஷர் உண்டு. ஆனால் கூடவே 25 பவுண்ட்-அடி முறுக்கும் சொல்லியிருக்கிறான். வாஷரைப் பார்த்தவர்கள் அந்த எண்ணைப் பார்ப்பதில்லை. அந்த போல்ட் தளர்ந்தால் பின் ஒருபக்கம் நகர்ந்து சிலிண்டர் சுவரை உழுதுவிடும், புதுசாகச் செய்த போர் வீண். (அதை முறுக்கும்போது ராடை வைஸில் பிடிக்காதீர்கள், ராடு திருகிப் போகும். பின்னின் இரு முனையிலும் பிளக் வைத்து, அந்தப் பிளக்கைப் பிடியுங்கள்.)

போல்ட் கழலாமல் இருப்பது அது கொஞ்சம் நீண்டு, இரண்டு பாகங்களையும் விடாமல் இழுத்துப் பிடிப்பதால். அந்த இழுப்பு போதாவிட்டால் பிக் எண்டு கேப் ஒவ்வொரு சுற்றிலும் திறந்து மூடும், போல்ட் சோர்ந்து அறுந்துவிடும். லாக் பிளேட் (நட்டின் மேல் மடிக்கும் தகடு), லாக்டைட் (மரைப் பூட்டுப் பசை), ஸ்பிளிட் பின் எல்லாம் இழுப்பு சரியாக இருக்கும் போல்டுக்குக் காவல் மட்டுமே. இழுப்பில்லாத போல்டைப் பூட்டி வைத்து ஒரு பயனும் இல்லை.

இந்த எஞ்சினுக்கான அளவுகளைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். மெயின் பேரிங் நட்டு 70 பவுண்ட்-அடி, அதாவது 95 நியூட்டன் மீட்டர். ஹெட் நட்டு 50, அதாவது 68. ஃபிளைவீல் 40, அதாவது 54. பிக் எண்டு 35, அதாவது 47. ராக்கர் பிராக்கெட் சின்ன நட்டு 25, அதாவது 34. இவை பிஎம்சி பி சீரிஸ் 1489 பெட்ரோல் எஞ்சினுக்கு. இசுசு 1800 எஞ்சின் மாட்டிய வண்டிக்கு இவை பொருந்தாது, அதன் கையேட்டைப் பாருங்கள். "கைக்கணக்கு இருக்கு" என்பவரிடம் இந்த வேலையை மட்டும் கொடுக்காதீர்கள். 35-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் கையாலும் உணர முடியாது. ஸ்பானரின் நீளம் மாறினாலே கணக்கு மாறிவிடும்.

டார்க் ரெஞ்ச் வைத்திருப்பவர்களும் தப்பு செய்கிறார்கள். 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை போகும் பெரிய ரெஞ்சில் 47 வைத்தால் அது அடிவிளிம்பு, அங்கே ரெஞ்சை நம்ப முடியாது. 20 முதல் 100 வரையுள்ள ஒன்றை வாங்குங்கள். நிதானமாக ஒரே இழுப்பாக இழுங்கள். 'டக்' என்றதும் நிறுத்துங்கள், இன்னொரு முறை தட்டிப் பார்க்காதீர்கள். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைக் கீழளவுக்குத் தளர்த்தி வையுங்கள்.

கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்டை நீட்டும். மீதியெல்லாம் உராய்வில் போகிறது, பாதி தலைக்கு அடியில், மற்றது மரையில். அதனால்தான் மரை துருவும் பழைய பேஸ்ட்டுமாக இருந்தால் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும், போல்ட் நீண்டிருக்காது. கம்பி பிரஷ், பெட்ரோல், காற்று மூன்றும் போட்டு மரையைச் சுத்தம் செய்யுங்கள். கையேடு சொல்லும் இடத்தில் மட்டும் துளி எஞ்சின் ஆயில். பிளாக்கின் அடைபட்ட துளைகளில் ஆயில் தேங்கியிருந்தால் துடைத்தெடுங்கள். ஸ்டட் (பிளாக்கில் இறங்கும் தலையில்லாத போல்ட்) இறங்கும்போது ஆயிலுக்குப் போக வழியில்லாமல் வார்ப்பே வெடிக்கும்.

அடுத்த வம்பு மரை அளவு. இந்த எஞ்சினில் யுஎன்எஃப் (அங்குல அளவு நெருக்க மரை). புதுப்பேட்டையில் கைக்குக் கிடைத்த எம்8 நட்டை 5/16 ஸ்டடில் ஏற்றுகிறார்கள். எம்8 மரைக்கு இடைவெளி 1.25 மிமீ, இதற்கு 1.06 மிமீ. இரண்டு மரை கையால் ஏறும், பிறகு பிடிக்கும். "நல்லா டைட்டா இருக்கு" என்று முடித்துவிடுவார்கள். இறுகியது மரையோடு மரை மோதி, பாகம் இறுகவில்லை. ஸ்பானரும் அப்படித்தான்: 1/2 அங்குல நட்டுக்கு 13 மிமீ ஸ்பானர் போட்டு மூலையை வழுக்க வைக்காதீர்கள்.

மெயின் பேரிங், பிக் எண்டு, ஃபிளைவீல் என்று எங்கெல்லாம் லாக் பிளேட் இருந்ததோ, அங்கெல்லாம் புதுசு. தயவுசெய்து பழசை நிமிர்த்திப் போடாதீர்கள். ஒருமுறை மடித்த இடத்தில் மறுபடி மடித்தால் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டிருக்கும், ஓடும்போது துண்டு உடைந்து சம்ப்பில் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) விழும். காதை நட்டின் தட்டையான முகத்தோடு ஒட்ட மடியுங்கள். மூலையில் மடித்தால் நட்டு திரும்ப இடம் இருக்கிறது. உளியால் அடித்து மடிக்காதீர்கள். குறடால் மடித்து, மழுங்கிய 'பஞ்ச்' கருவியால் லேசாகத் தட்டினால் போதும். கேசில் நட்டில் (மேலே பள்ளம் வெட்டிய நட்டு) ஸ்பிளிட் பின் துளை நேராக வரவில்லையா? தளர்த்தி நேராக்காதீர்கள். வேறு நட்டு போட்டுப் பாருங்கள், அல்லது நட்டின் அடிமுகத்தைக் கொஞ்சம் அராவுங்கள்.

லாக்டைட் பற்றிக் கேட்கிறார்கள். சம்ப், டைமிங் கவர் போன்ற சின்ன போல்ட்களுக்கு லாக்டைட் 243 நல்லது. மரையில் எண்ணெய்ப் பிசுக்கு கூடாது. பிக் எண்டுக்குக் கையேடு கேட்காத பசை எதையும் போடாதீர்கள். சிலிகான் கேஸ்கெட் பேஸ்ட் பூட்டுப் பசை அல்ல. பலரும் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். சைலன்சர் மேனிஃபோல்டில் நைலான் நட்டு வேண்டாம், சூட்டில் நைலான் உருகிவிடும். அங்கே பித்தளை நட்டு.

பழைய பிக் எண்டு போல்டை மறுபடி போடுவதாக இருந்தால், சரியான மரை உள்ள நட்டு ஒன்றைக் கையால் கடைசி மரை வரை ஓட்டிப் பாருங்கள். நடுவில் இறுகினால் போல்ட் நீண்டுவிட்டது, தூக்கிப் போடுங்கள். எட்டையும் பக்கத்தில் நிறுத்தி நீளம் ஒப்பிடுங்கள். ஒன்று மாறினாலும் செட்டாக மாற்றுங்கள். ஒரு பிளாக்கின் விலையோடு பார்த்தால் இது சில்லறை.

ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று கட்டமாக இறுக்குங்கள். ஸ்டடை பிளாக்கில் கையால் இறக்கினால் போதும், முறுக்கெல்லாம் நட்டுக்குத்தான். 500 கிமீ ஓடியதும் எஞ்சினைக் குளிர விட்டு, ஒவ்வொரு நட்டையும் கொஞ்சம் தளர்த்தி, திரும்ப 50 பவுண்ட்-அடிக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ராக்கர் பிராக்கெட்டைப் பிடிக்கும் பெரிய நட்டுகளும் ஹெட் நட்டுகள்தான், அவற்றை விட்டுவிடாதீர்கள். ஹெட் இறங்கினால் டேப்பெட் இடைவெளி மாறும், அதையும் அன்றே வைத்துவிடுங்கள்.