இடம்பெயர்ந்தோரா, இடம்பெயர்க்கப்பட்டோரா?

யாழ்ப்பாணத்தில் 'இடப்பெயர்வு' என்று சொன்னால் எந்த இடப்பெயர்வு என்று யாரும் கேட்பதில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்கு நடுவில், வலிகாமத்துச் சனம் (யாழ்ப்பாண நகரும் அதற்கு வடக்கும்) வெளிக்கிட்டு, செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்குப் போனதுதான் அது. சில இலட்சம் பேர், மழை, சைக்கிள் கரியரில் மூட்டை. எங்கள் வீட்டில் அம்மம்மா அதை 'ஊரை விட்டு வெளிக்கிட்டது' என்றுதான் சொல்லுவா. 'இடப்பெயர்வு' பத்திரிகை தந்த சொல், 'அகதி' கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தின் படிவம் தந்த சொல்.

முதலில் அகதி. இது வடசொல். அ என்பது இன்மை, கதி என்பது போக்கு, புகல். 'வேறு கதியில்லை', 'நீயே கதி' என்கிறோமே, அதே கதிதான். ஆக, போக்கிடம் அற்றவர். இதற்கு ஈடாக நல்ல தமிழில் ஏதிலி என்று எழுதுகிறார்கள். ஏது, இலி என்று பிரித்து 'ஏதும் இல்லாதவர்' எனப் பொருள் சொல்வது வழக்கம். ஆனால் பழந்தமிழில் ஏதிலார் என்றால் வறியவர் இல்லை, அயலார். பேதையின் கையில் செல்வம் சேர்ந்தால் 'ஏதிலார் ஆரத் தமர்பசிப்பர்' என்கிறது குறள். தொடர்பில்லாதவன் வயிறு நிறைய, சொந்தம் பட்டினி கிடக்கும். அந்தப் பழைய பொருளையும் சேர்த்துப் பார்த்தால், வேற்று நாட்டில் அயலாராக நிற்பவருக்கு ஏதிலி பொருத்தமான சொல்தான். 1951 ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் சமவாயமும் நாட்டு எல்லையைக் கடந்தவரைத்தான் அகதி என்கிறது. படகேறித் தமிழ்நாட்டின் மண்டபம் முகாமுக்குப் போனவர் ஏதிலி. சரி, தென்மராட்சியில், சாவகச்சேரிச் சித்தப்பா வீட்டு விறாந்தையில் பாய் விரித்தவரை என்னவென்பது? அவர் அங்கே அயலாரும் இல்லை, ஏதும் இல்லாதவரும் இல்லை. வலிகாமத்துத் தெல்லிப்பழையில் பத்துப் பரப்புக் காணியும் கல்வீடும் அவருக்கு உண்டு. போக முடியாது, அவ்வளவுதான்.

அவருக்காக வந்த சொல்தான் இடம்பெயர்ந்தோர். ஐ.நா. 1998 இல் இப்படிப்பட்டவர்களுக்கென்று வழிகாட்டிக் கோட்பாடுகளை வெளியிட்ட பிறகு, 'உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்' என்ற நீளமான தொடர் அறிக்கைகளில் நிலைத்துவிட்டது.

இதில் பெயர் என்ற வினை பழையது. 'ஊழி பெயரினும் தாம்பெயரார்' என்று சான்றோரைச் சொல்லும் குறளில் இருப்பது அதுதான். காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசிக் கலந்து வாழ்ந்தவர்களைப் பட்டினப்பாலை 'புலம்பெயர் மாக்கள்' என்கிறது. அவர்கள் பொருள் தேடி வந்தவர்கள். இன்று அதே புலம்பெயர் என்ற சொல்லை ரொரன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு வைத்திருக்கிறோம். உள்நாட்டுக்குள் போனவர் இடம்பெயர்ந்தவர், கடல் கடந்தவர் புலம்பெயர்ந்தவர் என்று ஊர் வழக்கு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. இந்தப் பிரிப்பை எந்த அகராதியும் சொல்லித்தரவில்லை.

என் குறை இலக்கணத்தில் இருக்கிறது. பெயர்தல் தன்வினை, பெயர்த்தல் பிறவினை. சுவர்ப் பூச்சு தானாகப் பெயரும். கல்லை ஒருவன் பாரை போட்டுப் பெயர்ப்பான். இடம்பெயர்ந்தோர் என்று எழுதும்போது, ஏதோ அவர்களே எழும்பி நடந்துபோனது மாதிரி ஆகிவிடுகிறது. பெயர்த்தது யார் என்ற கேள்விக்கே இடமில்லை. இடம்பெயர்க்கப்பட்டோர் என்றால்தான் அந்தக் கேள்வி உள்ளே வரும்.

யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இந்தத் தவறைச் செய்யவில்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று, மேலே சொன்ன இடப்பெயர்வுக்குச் சரியாக ஐந்து வருடம் முன்பு, புலிகள் அவர்களுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். நகை, காசு, சாமான் எல்லாம் பறிபோக, வடமாகாணத்திலிருந்து சுமார் 70,000 பேர் துரத்தப்பட்டார்கள். பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்தது புத்தளம். அதை அவர்கள் 'வெளியேற்றம்' என்றே சொல்கிறார்கள், வெளியேறல் என்று சொல்வதில்லை. வெளியேற்றம் என்ற சொல்லுக்குள் வெளியேற்றியவனும் இருக்கிறான். நாங்கள் அதே சம்பவத்தை 'முஸ்லிம்கள் இடம்பெயர்ந்த காலம்' என்று எழுதுவதை நான் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். வாசிக்கக் கூசுகிறது.

இனி, பெயர்த்தது எது? துவக்கும் குண்டும் என்பது பாதி விடைதான். சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய 1956 தனிச்சிங்களச் சட்டம் யாழ்ப்பாணத்தின் பெரிய பிழைப்பான அரசாங்க உத்தியோகத்தில் கை வைத்தது. எழுபதுகளின் தரப்படுத்தல், அதாவது அனுமதிப் புள்ளிகளைச் சரிக்கட்டிய முறை, பல்கலைக்கழக வாசலைச் சுருக்கியது. படித்த பொடியன்களுக்கு மிஞ்சியது தோட்டம். 1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்ததால் செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் நல்ல விலை போயின. 1977 இல் சந்தையைத் திறந்ததும் அந்த விலை விழுந்தது. வெங்காயம் விழுந்ததால் சண்டை வந்தது என்று நான் சொல்லவில்லை; வேலையும் இல்லை, விளைச்சலுக்கு விலையும் இல்லை என்ற வீட்டில் கோபம் சீக்கிரம் பற்றும் என்கிறேன். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் கடைகளும் ஆலைகளும் எரிந்தபோது, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர்கள் பிழைப்பையும் அங்கேயே சாம்பலாக விட்டுவிட்டு வந்தார்கள்.

அப்புறம் விளைவுகள். 1990 இலிருந்து வடக்குக்குப் பொருளாதாரத் தடை. எரிபொருள், பற்றரி, உரம் என்று நீண்ட பட்டியல். மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலில் விளக்குச் செய்து பிள்ளைகள் படித்தார்கள். 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை அதே 1990 இல் நின்றது. மயிலிட்டித் துறைமுகம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், 2017 இல்தான் மீனவர் கைக்கு வந்தது. இருபத்தேழு வருடம். கடலுக்குப் போகாத ஒரு தலைமுறைக்கு வலையைத் திரும்பக் கொடுத்தால் என்ன செய்யும்?

இதில் ஆழமான காயம் காணிதான். எங்கள் ஊரில் வெளிக்கிடும்போது முதலில் எடுப்பது உறுதி என்கிற காணிப் பத்திரம், பிறகு நகை. நகையை அடைவு வைத்துச் சாப்பிடலாம், உறுதியைச் சாப்பிட முடியாது. ஆனால் உறுதி கையில் இருந்தும் காணி போகலாம். ஒருவர் காணியை இன்னொருவர் 10 வருடம் தடையில்லாமல் ஆண்டால் அவருக்கே உரிமை கோர வழிசெய்யும் சட்டம் இங்கே உண்டு. துரத்தப்பட்டவர் எப்படித் தடை சொல்ல முடியும்? இதற்காகவே 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது: போரால் வழக்காட முடியாமல் போனவர்களுக்கு, 1983 மே தொடக்கம் 2009 மே வரையான காலத்தை அந்தக் கணக்கிலிருந்து கழிக்க அது வழிசெய்தது. போர் முடிந்து ஏழு வருடம் கழித்து.

பள்ளிக்கூடத்துப் பௌதிகத்தில் 'இடப்பெயர்ச்சி' படித்திருப்பீர்கள். தொடங்கிய புள்ளிக்கும் முடிந்த புள்ளிக்கும் இடையிலான நேர்கோடு. எவ்வளவு சுற்றினாலும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டால் இடப்பெயர்ச்சி பூச்சியம். மீள்குடியேற்றக் கணக்கும் இப்படித்தான். சொந்தக் காணியில் கால் வைத்துப் பதிந்ததும் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். கூரை இல்லை, கிணறு தூர்ந்து கிடக்கிறது, பனை இல்லை, கணக்கில் பூச்சியம். 2009 க்குப் பிறகு 'பழைய' இடம்பெயர்ந்தோர், 'புதிய' இடம்பெயர்ந்தோர் என்று வேறு பிரித்தார்கள். உதவியில் புதியவர் முந்தினார்கள். புத்தளத்தில் 1990 இலிருந்து இருந்தவர்கள் பழையவர்கள்.

எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எல்லை கடந்து புகல் கேட்டவர் ஏதிலி. அகதி என்றாலும் குற்றமில்லை, அது பேச்சில் ஊறிவிட்டது. வெளிநாட்டில் வேர்விட்டவர் புலம்பெயர்ந்தவர். வெள்ளத்துக்கு ஒதுங்கிப் பாடசாலையில் படுத்தவரை இடம்பெயர்ந்தவர் எனலாம். ஆயுதமோ ஆணையோ கிளப்பியவர் இடம்பெயர்க்கப்பட்டவர்.

பத்திரிகையில் இருக்கும் ஒரு நண்பரிடம் இதைச் சொன்னேன். தலைப்பில் அடங்காது என்றார். எண்ணிப் பார்த்தேன்: இடம்பெயர்ந்தோர் 9 எழுத்து, இடம்பெயர்க்கப்பட்டோர் 13. நியாயம்தான். வெளியேற்றப்பட்டோர் 10.