ரூக் எண்ட்கேமில் சிப்பாய்க் கணக்கு மட்டும் போதாது

சதுரங்கப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் சிசிலியன் என்ற ஓப்பனிங்கை (ஆட்டத் தொடக்க முறையை) கேட்டால் பதினைந்து நகர்வு மூச்சுவிடாமல் சொல்வார்கள். ஆளுக்கொரு யானையும் (ரூக்) சில சிப்பாய்களும் மிஞ்சும் கடைசிக் கட்டமான ரூக் எண்ட்கேமில்தான் தடுமாறுகிறார்கள். சிப்பாய்களை எண்ணுகிறார்கள், ஒன்றுக்கு ஆபத்து என்றால் யானையைக் காவலுக்கு நிறுத்திவிடுகிறார்கள். நல்ல ஆட்டங்கள் பல அங்கேதான் கைநழுவிப் போகின்றன.

இதற்கு மருந்தாக நான் எல்லோருக்கும் காட்டுவது 1924 நியூயார்க் போட்டியில் கபாபிளாங்கா டார்டகோவருடன் ஆடிய ஆட்டம். அப்போது உலக சாம்பியன் கபாபிளாங்கா. எட்டு ஆண்டுகளில் முதல் தோல்வியை அந்தப் போட்டியில்தான் ரிச்சர்ட் ரெட்டி என்ற ஆட்டக்காரரிடம் சந்தித்திருந்தார்; அதற்கு அடுத்த சுற்று இது.

கபாபிளாங்காவுக்கு வெள்ளை, டார்டகோவருக்குக் கறுப்பு; தொடக்கம் டச்சு டிஃபென்ஸ். கபாபிளாங்கா 25ஆம் நகர்விலேயே ராணிகளை மாற்றிவிட்டு, எச் நெடுவரிசையைத் திறந்து, 30ஆம் நகர்வில் யானையை எச்7இல் (எச் நெடுவரிசையின் ஏழாவது கட்டம்) கொண்டுபோய் வைத்தார். கறுப்பு ராஜா கடைசி வரிசையிலேயே அடைபட்டுப்போனது. டார்டகோவரின் யானையோ சி3 சிப்பாயைக் குறிவைத்தது.

நம் பிள்ளைகள் இங்கே சி3ஐக் காப்பாற்றத்தான் வழி தேடுவார்கள். கபாபிளாங்கா 35ஆம் நகர்வில் ராஜாவை ஜி3க்கு நகர்த்தினார். சி3 செக்கோடு (ராஜாவைத் தாக்கும் நகர்வோடு) போனது, அடுத்து எஃப்4ம் செக்கோடு போனது. வெள்ளைக்கு மூன்று சிப்பாய், கறுப்புக்கு ஐந்து! ஆனால் அதற்குள் வெள்ளை ராஜா எச்4 வழியாக ஜி5க்கு வந்துவிட்டது. ஜி சிப்பாய் ஆறாவது வரிசையில் நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 39ஆம் நகர்வு. எஃப்5இல் கறுப்புச் சிப்பாய் வெட்டுவதற்குத் தயாராக இருந்தது. அவர் அதைத் தொடாமல் ராஜாவை எஃப்6க்குக் கொண்டுபோனார். எதிரியின் சிப்பாயே பின்னாலிருந்து வரும் செக்குகளை மறைத்துக்கொண்டது. கூடவே எச்8இல் மேட் (ராஜா தப்ப வழியில்லாத செக்) மிரட்டல். கறுப்பு யானை காவலுக்குக் கடைசி வரிசைக்குத் திரும்பிய பிறகுதான் அந்தச் சிப்பாயை எடுத்தார். விட்டதெல்லாம் திரும்ப வந்தது. 52ஆம் நகர்வில் வெற்றி.

யானை ஏழாவது வரிசையில், ராஜா முன்னால், தடையில்லாத சிப்பாய் ஒன்று. இந்த மூன்றும் சேர்ந்தால் இரண்டு சிப்பாய் பெரிய விலையே இல்லை. ராஜா பின்தங்கியிருக்கும்போது இதே தியாகத்தைச் செய்தால் தோல்விதான், அதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பலகையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை: ராஜா எஃப்3, யானை எச்7, சிப்பாய்கள் ஏ4, சி3, டி4, எஃப்4, ஜி5. கறுப்பு: ராஜா எஃப்8, யானை சி6, சிப்பாய்கள் ஏ7, பி6, சி7, டி5, எஃப்5. வெள்ளையின் முறை. கம்ப்யூட்டரைத் திறக்காமல் இரண்டு பக்கமும் மாறி மாறி ஆடிப் பார்த்துவிட்டு, அப்புறம் கபாபிளாங்காவின் நகர்வுகளை எடுங்கள்.