ஷேல் கணக்கு: பாறையில் இருப்பது எவ்வளவு, மேலே வருவது எவ்வளவு?

கலிபோர்னியாவின் மாண்டரே ஷேல் பாறையிலிருந்து 1,540 கோடி பீப்பாய் எண்ணெய் எடுக்க முடியும் என்று 2011இல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2014இல் அதே நிர்வாகம் அந்த எண்ணை 60 கோடி என்று திருத்தியது. நூற்றில் தொண்ணூற்றாறு பங்கு போயிற்று. இடைப்பட்ட காலத்தில் யாரும் அந்த எண்ணெயை உறிஞ்சிவிடவில்லை. முதல் எண் வந்த விதத்தைப் பார்த்தால் விஷயம் புரியும்: 1,752 சதுர மைல் பரப்பு, சதுர மைலுக்கு 16 கிணறு, கிணறு ஒன்றுக்கு ஆயுள் முழுவதும் 5.5 லட்சம் பீப்பாய். மூன்றையும் பெருக்கினால் 1,540 கோடி. இதில் கடைசி எண்தான் காலை வாரியது. சான் ஆண்ட்ரியாஸ் பிளவுக்கு அருகே மடிந்தும் நொறுங்கியும் கிடக்கும் பாறை அது. அதில் உருவான எண்ணெயில் பெரும்பகுதி எப்போதோ கசிந்து மேலேறி, பக்கத்து எண்ணெய் வயல்களில் சேர்ந்துவிட்டது. தோண்டிய கிணறுகளின் சராசரி விளைச்சல் அந்த எண்ணுக்கு அருகில்கூட வரவில்லை. 2015இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் ஆழமான மாண்டரே பாறையைத் தன் முறைப்படி மதிப்பிட்டபோது கிடைத்தது வெறும் 2.1 கோடி பீப்பாய்.

ஷேல் என்பது சேறு இறுகிக் கல்லான களிப்பாறை. வழக்கமான எண்ணெய் வயலில் எண்ணெயும் வாயுவும் மணற்கல்லின் துளைகளில் தேங்கி நிற்கும். ஓரிடத்தில் குத்தினால் சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் ஓடி வரும். ஷேலில் துளைகள் நானோமீட்டர் அளவு. கிடைமட்டமாகத் துளையிட்டு, உயரழுத்தத்தில் நீரும் மணலும் செலுத்தி விரிசல் உண்டாக்கினாலும், விரிசலை ஒட்டிய சில பத்து மீட்டர் பாறைதான் தன்னிடம் இருப்பதைக் கொடுக்கும். ஆகவே ‘உள்ளே எவ்வளவு இருக்கிறது’ என்பதும் ‘எவ்வளவு வெளியே வரும்’ என்பதும் இங்கே வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்வியிலிருந்து தொடங்குவது பாறை வழி. இரண்டாவதிலிருந்து தொடங்குவது கிணற்று வழி.

பாறை வழியை ஓர் எளிய கணக்கில் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பு, 40 மீட்டர் தடிமன்: 4 கோடி கன மீட்டர் பாறை. நுண்துளைகள் 6 விழுக்காடு என்றால் 24 லட்சம் கன மீட்டர் வெற்றிடம். அதில் 30 விழுக்காட்டை நீர் பிடித்துக்கொள்ளும். வாயுவுக்கு மிஞ்சுவது 16.8 லட்சம். அந்த ஆழத்தின் அழுத்தத்தில் ஒரு கன மீட்டர் இடத்தில் அடைந்திருக்கும் வாயு தரைக்கு வந்ததும் 250 கன மீட்டராக விரியும் என்று வைத்துக்கொண்டால், 42 கோடி கன மீட்டர். இது துளைகளில் சும்மா கிடக்கும் வாயு.

இன்னொரு பங்கு கரிமப் பொருளின் பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். வேதியியல் பாடத்தில் வரும் அதே பரப்புக்கவர்ச்சிதான். பாறையின் எடை 10 கோடி டன். டன்னுக்கு 2 கன மீட்டர் என்றால் மேலும் 20 கோடி. ஆக மொத்தம் 62 கோடி. ஒட்டிய வாயுவின் படலமே துளையில் ஓரளவு இடத்தை அடைத்துக்கொள்வதால், அதைக் கழிக்காமல் இரண்டையும் கூட்டினால் ஒரே இடத்தை இருமுறை எண்ணியதாகிவிடும். பழைய மதிப்பீடுகள் பலவற்றில் இந்தத் தவறு உண்டு. எளிமைக்காக நம் கணக்கும் அந்தக் கழிவை விட்டுவிடுகிறது.

ஒட்டிய வாயு எளிதில் விடுபடாது. அழுத்தத்துக்கும் ஒட்டும் அளவுக்கும் உள்ள உறவை லாங்மியூர் வளைவு தருகிறது: அழுத்தத்தை, அழுத்தத்தோடு ஒரு மாறிலியைக் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். அந்த மாறிலி 40 வளிமண்டல அழுத்தம் என்று கொள்வோம். தொடக்க அழுத்தம் 300 என்றால் பாறை தன் கொள்ளளவில் 88 விழுக்காடு ஒட்டிவைத்திருக்கும். அழுத்தம் 100ஆக இறங்கினாலும் 71 விழுக்காடு அப்படியே இருக்கும். 30க்கு இறங்கினால்தான் 43. அதாவது அழுத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு போன பிறகும் ஒட்டிய வாயுவில் பாதி பாறையிலேயே கிடக்கிறது. ‘டன்னுக்கு இவ்வளவு’ என்ற எண்ணைப் பார்த்து மகிழ்பவர்கள் பலர் இந்த வளைவைப் பார்ப்பதில்லை.

இந்த எண்கள் எல்லாம் ஆய்வகத்தில் பாறைத் துண்டுகளிலிருந்து வருபவை. ஆழத்திலிருந்து உருளையாக வெட்டி எடுத்த துண்டைக் காற்றுப்புகாத கலத்தில் அடைத்து, பாறை இருந்த வெப்பநிலையிலேயே வைத்து, வெளிவரும் வாயுவை வாரக்கணக்கில் அளப்பார்கள். கடைசியில் துண்டைப் பொடித்து மிச்சத்தையும் அளப்பார்கள். ஆனால் மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து துண்டு மேலே வர மணிக்கணக்கில் ஆகும். வரும் வழியிலேயே வாயு தப்பிவிடும். தப்பியதை அளக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். முதல் சில மணிநேர அளவீடுகளை நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்தால் ஏறத்தாழ நேர்கோடு கிடைக்கும். அதைப் பின்னோக்கி நீட்டி, தொடக்கத்தில் எவ்வளவு இருந்திருக்கும் என்று படிப்பார்கள். நிலக்கரிச் சுரங்கங்களுக்காக உருவான முறை இது. ஆழம் குறைந்த நிலக்கரிக்குப் பொருந்தியது, அழுத்தம் மிகுந்த ஷேலுக்குத் தடுமாறுகிறது. இங்கே தப்பியதன் பங்கே மிகப் பெரியதாக இருக்கக்கூடும்.

எண்ணெய் ஷேலுக்கு இன்னொரு சோதனை. சிட்டிகைப் பொடியை 300 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் ஏற்கனவே உருவாகியிருக்கும் எண்ணெய் ஆவியாகும். பிறகு நிமிடத்துக்கு 25 டிகிரி வீதம் 650 வரை ஏற்றினால், கரிமப் பொருள் உடைந்து புதிதாக எண்ணெய் உண்டாகும். முதலாவது இன்று பாறையில் உள்ள எண்ணெய். இரண்டாவது, இன்னும் சில கோடி ஆண்டுகள் பாறை வெந்தால் கிடைக்கக்கூடியது; அதை இருப்பில் சேர்க்கக் கூடாது. கனமான எண்ணெயில் ஒரு பகுதி முதல் சூட்டில் வராமல் இரண்டாவதில் வந்துவிடும். லேசான எண்ணெயோ மாதிரி அலமாரியில் இருக்கும்போதே பறந்துவிடும். இரண்டுக்கும் திருத்தம் போட வேண்டும்.

நுண்துளை 6 விழுக்காடா 7 விழுக்காடா என்ற ஒரே ஒரு புள்ளி நம் கணக்கில் 7 கோடி கன மீட்டரை மாற்றிவிடும். அதைவிடப் பெரிய மாற்றம் அடுத்த பெருக்கலில் இருக்கிறது: மீட்புப் பங்கு, அதாவது உள்ளே இருப்பதில் வெளியே வரும் விழுக்காடு. வழக்கமான வாயு வயலில் இது 60 முதல் 80 விழுக்காடு வரை போகும். ஷேல் வாயுவுக்கு 20 முதல் 30 என்று வைப்பது வழக்கம். ஷேல் எண்ணெய்க்குப் பல இடங்களில் 3 முதல் 7 தான். இந்தப் பங்கைப் பாறையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் கிணறுகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கிணறே இல்லாத நாட்டில் வேறொரு நாட்டின் பங்கைக் கடன் வாங்குவார்கள். கோளாறுகளில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கிணற்று வழிக்கு அடிப்படை, 1945இல் ஆர்ப்ஸ் என்ற பெட்ரோலியப் பொறியாளர் எழுதிய ஒரு சூத்திரம். கிணற்றின் உற்பத்தி எவ்வளவு வேகமாகச் சரிகிறது, அந்தச் சரிவு எவ்வளவு சீக்கிரம் தணிகிறது என்பதை இரண்டு எண்களில் அடக்கிவிடும். தணியும் விதத்தைச் சொல்லும் எண்ணைப் ‘பி’ என்பார்கள். வழக்கமான வயல்களில் அது 0க்கும் 1க்கும் இடையில் நிற்கும். ஷேல் கிணற்றின் முதல் சில ஆண்டுத் தரவைப் பொருத்தினால் 1ஐத் தாண்டும், சில சமயம் 2ஐத் தொடும். ‘பி’ 1 ஆனாலே, வளைவை முடிவில்லாமல் நீட்டும்போது கிணறு முடிவில்லாத வாயு தருவதாகக் கணக்கு வரும். நடக்காத காரியம்.

எண்களில் பாருங்கள். ஒரு கிணறு நாளுக்கு ஒரு லட்சம் கன மீட்டரில் தொடங்கி, ஓராண்டு முடிவில் 35 ஆயிரமாகக் குறைகிறது. ‘பி’ 1 என்று பொருத்தினால் 30 ஆண்டில் மொத்தம் 7.9 கோடி கன மீட்டர். 1.5 என்று பொருத்தினால் 11.1 கோடி. இரண்டாம் ஆண்டு முடிவில் முதல் வளைவு 21 ஆயிரம் என்கிறது, அடுத்தது 24 ஆயிரம். குழாய் அழுத்தம் கொஞ்சம் மாறினாலும், பக்கத்துக் கிணற்று வேலைக்காக இதைப் பத்து நாள் மூடி வைத்தாலும் அந்த மூவாயிரம் வித்தியாசம் இரைச்சலில் மறைந்துவிடும். ஆனால் ஆயுள் மொத்தத்தில் இடைவெளி 40 விழுக்காடு. பங்குதாரர்களுக்குக் காட்டும் படத்தில் எந்த வளைவு இடம்பெறும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

ஏன் ‘பி’ இப்படி உயர்கிறது? தொடக்கத்தில் ஒவ்வொரு விரிசலும் தன் பக்கத்துப் பாறையிலிருந்து தனியாக வாயுவை இழுக்கிறது. உற்பத்தி, நேரத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகக் குறைகிறது. ‘பி’ 2க்கு ஒத்த மெதுவான சரிவு அது. ஒரு கட்டத்தில் அடுத்தடுத்த விரிசல்களின் அழுத்தச் சரிவுகள் நடுவில் சந்தித்துக்கொள்ளும். அதன்பின் புதிய பாறை இல்லை. சரிவு மீண்டும் செங்குத்தாகும். அந்தச் சந்திப்பு எப்போது என்பதுதான் கிணற்றின் ஆயுள் கணக்கைத் தீர்மானிக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் பார்னெட் ஷேலின் 8,294 கிணறுகளை அலசியபோது, 2,057 கிணறுகளில்தான் அந்தச் சந்திப்பு தென்பட்டது. மற்றவற்றுக்கு மேல் எல்லை, கீழ் எல்லை என்று இரண்டு எண்களை மட்டுமே நேர்மையாகச் சொல்ல முடிந்தது.

நடைமுறையில் பொறியாளர்கள் செய்வது இது: சரிவு ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்குக் குறைந்ததும் வளைவை வெட்டி, அதன்பின் மாறாத வீதத்தில் இறக்குவார்கள். நம் கிணற்றின் 1.5 வளைவை அப்படி வெட்டினால் ஆறாண்டு கழிந்ததும் மாற்றம் வரும், 30 ஆண்டு மொத்தம் 9.2 கோடி. அந்த 10 விழுக்காடு எங்கிருந்து வந்தது? அனுபவத்திலிருந்து. 5 என்று வைப்பவர்களும் உண்டு.

இரண்டு வழிகளும் ஒன்றையொன்று பரிசோதிப்பது இந்த இடத்தில்தான். கிணற்றின் கிடைமட்ட நீளம் 2 கிலோமீட்டர், பக்கத்துக் கிணறு 250 மீட்டர் தள்ளி என்றால், அதன் பங்கு அரை சதுர கிலோமீட்டர். அதற்குள் 31 கோடி கன மீட்டர் வாயு. 7.9 கோடி என்பது அதில் 25 விழுக்காடு, 9.2 கோடி 30 விழுக்காடு, 11.1 கோடி 36 விழுக்காடு. கடைசி எண் கொண்டுவரும் ஆளிடம் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கும்.

ஒரு கிணறு சரியாகிவிட்டாலும் வயல் சரியாகிவிடாது. நிறுவனங்கள் நல்ல இடத்தைத்தான் முதலில் தோண்டும். அந்தக் கிணறுகளின் சராசரியை வரைபடம் முழுக்கப் பரப்பினால் ஓரத்துப் பாறைக்கும் நடுப்பாறையின் விளைச்சல் எழுதியதாகும். மேலும், ஒரு வயலின் பெரும்பாலான கிணறுகள் சாதாரணமாக இருக்கும், ஒரு சில மட்டும் அள்ளித் தரும். சராசரியை அந்தச் சிலதான் தூக்கிப் பிடிக்கின்றன. நெருக்கமாகத் தோண்டினால் புதிய கிணற்றின் விரிசல் பழைய கிணறு வற்றவைத்த பகுதிக்குள் போய்விடும். இரண்டாவது கிணறு முதலாவதை விடக் குறைவாகத் தரும். கிணறுகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதால் மொத்தம் இரட்டிப்பாகாது.

எண் இரு திசையிலும் பிசகும். பென்சில்வேனியா பக்கத்து மார்செல்லஸ் ஷேலில் 2 லட்சம் கோடி கன அடி வாயுதான் என்றது 2002இல் புவியியல் ஆய்வகம், 2011இல் 84 என்றது, 2019இல் 97. எரிசக்தித் தகவல் நிர்வாகமோ 2011இல் 410 என்று சொல்லி, மறு ஆண்டே 141 என்று இறக்கியது.

போலந்தில் இதே இடைவெளி ஒரு நாட்டின் கனவாகவே ஆனது. பாறையிலுள்ள வாயுவை மீட்புப் பங்கால் பெருக்கி, 187 லட்சம் கோடி கன அடி என்றது 2011 அமெரிக்க அறிக்கை. 2012இல் போலந்துப் புவியியல் நிறுவனம் அமெரிக்கக் கிணறுகளின் ஆயுள் விளைச்சலைக் கொண்டு கிணற்று வழியில் போய், 12 முதல் 27 வரைதான் பெரும்பாலும் சாத்தியம் என்றது. தோண்டிப் பார்த்ததில் அந்தக் கீழ் எண்ணுக்கும் நம்பிக்கை கிடைக்கவில்லை. எக்சான்மொபில் 2012இல் வெளியேறியது, செவ்ரான் 2015இல்.

எண்ணெய்க்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. விரிசலைச் சுற்றி அழுத்தம் ஒரு வரம்புக்குக் கீழே போனதும், எண்ணெயில் கரைந்திருந்த வாயு சோடா போலப் பிரிந்து வரும். இலகுவான வாயு முந்திக்கொண்டு ஓடும், எண்ணெய் பின்தங்கும். வாயுவைச் சமானப் பீப்பாயாக மாற்றி எண்ணெயோடு கூட்டிக் காட்டும் அறிக்கையில் இது தெரியாது. எண்ணெய் வரிசையைத் தனியாகப் பிரித்துப் படிக்க வேண்டும்.

இத்தகைய மதிப்பீடுகள் சொல்லும் ‘தொழில்நுட்பப்படி எடுக்கக்கூடியது’ என்பதில் விலை கிடையாது. நிறுவனங்கள் அறிவிக்கும் ‘நிரூபிக்கப்பட்ட இருப்பு’ என்பதில் உண்டு. அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணைய விதிப்படி, முந்தைய 12 மாதங்களின் முதல் நாள் விலைகளின் சராசரியில் லாபம் தர வேண்டும். இன்னும் தோண்டாத கிணறு என்றால் பொதுவாக ஐந்தாண்டுக்குள் தோண்டும் திட்டம் இருக்க வேண்டும். விலை சரிந்த ஆண்டில் இருப்பும் சரியும்.

இந்தியாவுக்கு எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2011இல் 63 என்றும், 2013இல் 96 லட்சம் கோடி கன அடி என்றும் சொன்னது. பம்பாய், காவிரி, கிருஷ்ணா-கோதாவரிப் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்ட புவியியல் ஆய்வகம் மூன்றுக்கும் சேர்த்துச் சொன்ன சராசரி 6.1. நிலப்பரப்பும் முறையும் வேறு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனால் இரண்டுக்கும் ஒரு பலவீனம் பொது. காவிரிப் படுகையின் ஆண்டிமடம் பாறைத்தொகுதியில் வணிகரீதியாக ஓடிய ஷேல் கிணறு ஒன்றுகூடக் கிடையாது. கணக்கில் போட்ட விளைச்சலும் மீட்புப் பங்கும் அமெரிக்கப் பாறைகளுடையவை. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவில் ஷேல் வாயு உட்படப் புதிய ஹைட்ரோகார்பன் பணிகளைத் தடை செய்திருப்பதால், அந்த மண்டலத்துக்குள் இந்த எண்ணைச் சரிபார்க்கும் கிணறும் வரப்போவதில்லை.