அங்கன்வாடியில் குழந்தையின் எடை: தவறாக ஏறிய எண்ணால் கைவிட்டுப் போகும் உணவு

அந்தத் தாய் நீட்டிய தாய் சேய் நல அட்டையில் மூன்று மாதங்களுக்கும் ஒரே எடைதான்: 8.4 கிலோ. இடையில் குழந்தை வயிற்றுப்போக்கில் பத்து நாள் படுத்து எழுந்திருந்தாள். கன்னம் ஒட்டி, தொடைத் தோல் சுருங்கித் தொங்கியது. மருத்துவமனைத் தராசு 7.6 காட்டியது. மையத்துத் தராசு பழுது. அதனால் போன மாத எண்ணையே திரும்ப ஏற்றியிருக்கிறார்கள்.

2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி வழியாக நாளொன்றுக்கு 500 கலோரி உணவு இலவசம். ஊட்டச்சத்துக் குறைபாடு இருந்தால் 800 கலோரி. கர்ப்பிணிக்கும், குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை தாய்க்கும் உண்டு. வருமான வரம்பு கிடையாது. ரேஷன் கார்டைக் காட்டினால்தான் சத்துமாவு என்று யாராவது சொன்னால், எந்த ஆணையில் அப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

யாருக்கு 500, யாருக்கு 800 என்பதை முடிவு செய்வது 2021 முதல் அங்கன்வாடிப் பணியாளர் பதிவிடும் போஷன் டிராக்கர் செயலியில் ஏறும் எண்கள். குழந்தையின் உயரத்துக்கு இவ்வளவு எடை வேண்டும் என்று அது ஒப்பிடுகிறது. எடையைக் கவனிக்கும் பெற்றோர்கூட உயரத்தை விட்டுவிடுகிறார்கள். முழங்கால் மடங்கிய நிலையில் அளந்து இரண்டு சென்டிமீட்டர் குறைத்து எழுதிவிட்டால், குள்ளமான குழந்தைக்கு இந்த எடை போதும் என்று செயலி கணக்குப் போட்டுவிடும். நோஞ்சான் குழந்தை ஒரே நொடியில் நல்ல நிலைக்குப் போய்விடும், காகிதத்தில் மட்டும். இரண்டு வயதுக்குள் என்றால் படுக்க வைத்து, காலை நீட்டிப் பிடித்து அளக்க வேண்டும். அதற்கு மேல் நிற்க வைத்து. செருப்பு, கனமான உடை, கொலுசு எல்லாவற்றையும் கழற்றுங்கள். தராசு பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அளக்கும் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடுமையான குறைபாடு. இரண்டு பாதமும் வீங்கியிருந்தால் எந்த எண்ணையும் நம்பாமல் அன்றே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அங்கன்வாடியில் என்ன வேலை என்று பலர் போவதில்லை. தமிழகத்தின் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில், அந்த வயதில் கடுமையாக மெலிந்த குழந்தையின் தாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் உண்டு. எடையே போடாத குழந்தையின் பெயர் பட்டியலில் எப்படி வரும்?

அலைக்கழிப்பு தாய்வீட்டில்தான் தொடங்குகிறது. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த பெண்ணிடம் அந்த ஊர் மையத்தில் "உன் பெயர் அங்கே இருக்கிறது" என்கிறார்கள்; புகுந்த வீட்டு ஊர் மையத்தில் கேட்டால் "ஆளே இல்லை" என்கிறார்கள். பெயரைப் புதிய மையத்துக்கு மாற்றச் செயலியிலேயே வழி இருக்கிறது. ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே பழைய மையத்தில் சொல்லி மாற்றிவிடுங்கள். கிராம சுகாதார செவிலியர் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் கொடுத்துவிட்டார், அது போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். அது சுகாதாரத் துறையின் பதிவு. அங்கன்வாடிப் பதிவு வேறு. இரண்டு துறைகள் பேசிக்கொள்ளாததற்கு நிறைமாதக்காரி நடக்க வேண்டியிருக்கிறது.

2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொண்டு செல்லும் மாவுக்கு முகப்பதிவு கட்டாயம். ஆதாரில் உள்ள கைபேசி எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். அந்தக் கைபேசி பெரும்பாலும் வெளியூரில் வேலை பார்க்கும் கணவரிடம் இருக்கும். பிரசவத்துக்கு முன்பே உங்கள் எண்ணை ஆதாரில் சேர்த்துவிடுங்கள். முகம் பொருந்தவில்லை என்று வெறுங்கையோடு அனுப்பினால், அந்தத் தேதியையும் சொன்ன காரணத்தையும் எழுதித் தரக் கேளுங்கள்.

தர மறுத்தால் பணியாளரோடு சண்டை வேண்டாம்; பழுதான தராசும் சிக்னல் இல்லாத கைபேசியும் அவர் வாங்கியவை அல்ல. மேற்பார்வையாளரிடம் போங்கள், பிறகு குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம். அங்கும் நகரவில்லை என்றால் முதல்வரின் உதவி எண் 1100, அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள். "சத்துமாவு தரவில்லை" என்று ஒற்றை வரியில் எழுதினால் மனு மூலையில் கிடக்கும். மையத்தின் பெயர், குழந்தையின் பிறந்த தேதி, அட்டையில் உள்ள எடை, மருத்துவமனையில் போட்ட எடை, எந்தெந்த மாதம் மாவு வரவில்லை என்பதை எழுதுங்கள். அட்டையின் நகலை இணைத்து, ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகே இடத்தை விட்டு நகருங்கள்.