ஹெல்மெட்டுக்குள் காற்றோடு ஒரு மல்லுக்கட்டு

பைக் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் ஹெல்மெட்டுக்குள் கேட்கும் இரைச்சலில் எஞ்சினின் பங்கு கொஞ்சம்தான். மற்றதெல்லாம் காற்று. ஹெல்மெட்டின் கீழ் விளிம்பில், தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே, காற்று சுழல் சுழலாக உடைந்து கனத்த உறுமலாகக் காதில் இறங்குகிறது. நெடுஞ்சாலையில் இது 95 டெசிபெல்லைத் தொடுவது சாதாரணம். 94 டெசிபெல் இரைச்சலில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்காவின் பணியிட நல ஆய்வு நிறுவனமான நியோஷ் போட்ட கணக்கு. ஓட்டிக்கொண்டே கூட வருபவரோடு பேச ஹெல்மெட்டில் மாட்டும் கருவியான இன்டர்காம் இந்த இரைச்சலுக்கு நடுவேதான் பேசியாக வேண்டும். கடையிலோ பேச்சு முழுக்க ரேஞ்ச் (எவ்வளவு தூரம் எட்டும்) எவ்வளவு, பேட்டரி எத்தனை மணி நேரம் என்பதிலேயே போய்விடும்.

வால்யூமைக் கூட்டினால் சரியாகிவிடாதா? ஆகாது. தாழ்ந்த சுருதி ஒலி பலமாக இருக்கும்போது, அது தனக்கு மேலே உள்ள உயர்ந்த சுருதி ஒலிகளையும் சேர்த்து மூழ்கடித்துவிடும்; நம் உட்காதின் அமைப்பு அப்படி. காற்றின் உறுமல் தாழ்ந்த சுருதி. சொல்லைச் சொல்லாகப் பிரித்துக் காட்டும் ச, ட, ப போன்ற ஒலிகள் மெல்லியவை, மேலே இருப்பவை. அதனால் யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது பிடிபடாது. இங்கேதான் காதில் செருகும் அடைப்பானான இயர்ப்ளக்கின் வேலை. ஸ்பீக்கரையும் காற்றையும் அது சேர்த்தே குறைக்கிறது, ஆனாலும் பேச்சு தெளிவாகிறது. இரைச்சலின் அளவு இறங்கியதும் அந்த மூழ்கடிப்பும் சுருங்கிவிடுவதுதான் காரணம். சாதாரணப் பஞ்சு ப்ளக் உயர் ஒலிகளைக் கொஞ்சம் அதிகமாகவே விழுங்கும். வடிகட்டி வைத்தது கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது ஸ்பீக்கர். என் கணக்கில் பாதிப் புகார் இங்கேதான் பிறக்கிறது. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டு காதைவிட்டு ஒரு சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, காணாமல் போகும். அதன் முன்பக்கம் காற்றை அழுத்தும்போது பின்பக்கம் இழுக்கிறது. நடுவே தடுப்பு இல்லாவிட்டால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆகவே கன்னப் பஞ்சைக் கழற்றி, ஹெல்மெட்டில் காதுக்கென்று விட்டிருக்கும் குழிக்குள் ஸ்பீக்கரின் வெல்க்ரோவை அவசரமாக ஒட்டிவிடாதீர்கள். முதலில் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, கீழிருந்து விரலை விட்டுக் காதுத் துளை எந்த இடத்தில் வருகிறது என்று தடவிப் பாருங்கள். குழி ஆழமாக இருந்தால், பெட்டியிலேயே வரும் மெத்தைத் துண்டைப் பின்னால் வைத்து ஸ்பீக்கரை முன்னுக்குத் தள்ளலாம். காது மடலை அழுத்தும் அளவுக்கு வேண்டாம்; அரை மணி நேரத்தில் வலி கொன்றுவிடும்.

மைக்கில் ஒரு அழகான தந்திரம் இருக்கிறது. நல்ல மைக்கின் முன்னும் பின்னும் துளைகள் உண்டு. வாய் ரொம்பப் பக்கத்தில் இருப்பதால் குரல் முன் துளையில் பலமாகவும் பின் துளையில் பலவீனமாகவும் விழும். இரைச்சல் நாலா பக்கமும் இருந்து வருவதால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுந்து, சவ்வின் இரு பக்கமும் சமமாகி அடங்கிவிடும். மைக்கைத் திருப்பி மாட்டினால் இந்தக் கணக்கு கெட்டுப்போகும். அதன் மேல் ஒரு குறி இருக்கும், அது உதட்டைப் பார்க்க வேண்டும். மேலே மாட்டும் பஞ்சுத் தொப்பி தொலைந்துவிட்டால் காற்று நேரே சவ்வில் அடிக்கும், பேசுபவருக்கு ஒன்றும் தெரியாது, கேட்பவருக்குப் புயல்தான்.

ரேடியோவுக்கு வருவோம். ப்ளூடூத் இன்டர்காம் ஆட்களைச் சங்கிலியாகக் கோக்கிறது. நடுவில் ஒருவர் டீக்கு ஒதுங்கினால் சங்கிலி அறுந்துபோகும். மெஷ் என்ற வலைப்பின்னல் வகையில் ஒவ்வொரு கருவியும் மற்றவர் பேச்சை வாங்கிக் கடத்துவதால், ஒருவர் விலகினாலும் பேச்சு வேறு வழியில் போய்ச் சேரும். இன்டர்காம் தயாரிக்கும் கார்டோ நிறுவனம் 2015இல் பேக்டாக் என்ற கருவியில் கொண்டுவந்தது இதைத்தான். ஆனால் கார்டோவின் மெஷ்ஷும் இன்னொரு நிறுவனமான சேனாவின் மெஷ்ஷும் ஒன்றோடொன்று பேசாது, இணைக்க மறுபடி ப்ளூடூத்துக்குத்தான் இறங்கி வர வேண்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் ரேஞ்சை நம்பாதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் அந்த அலை முழு பலத்தோடு போய்ச்சேர, நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் இடம் காலியாக இருக்க வேண்டும். நம் தலை தரையிலிருந்து ஒன்றரை மீட்டர்தான், ஆகவே தார்ச்சாலையே அதில் ஒரு நல்ல பகுதியை மறித்துவிடுகிறது. இதில் நடுவே ஒரு லாரி வேறு வந்தால் கேட்கவே வேண்டாம். எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைப் பாதையில், அடுத்த வளைவில் இருப்பவரே காணாமல் போவார். மலையைத் துளைத்துப் போகும் பலம் இந்த அலைக்குக் கிடையாது.

பின்னால் உட்கார்ந்திருப்பவரோடு பேச மட்டும் என்றால் சாதாரண ப்ளூடூத் ஜோடி போதும். மெஷ்ஷுக்குக் கொடுப்பது வீண் செலவு. குழுவாகப் போகிறவர்கள் கூட வருபவர் எந்த பிராண்டு வைத்திருக்கிறார் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அப்புறம் ஒன்று: ஸ்பீக்கருக்கு இடம் போதவில்லை என்று உள்ளே இருக்கும் தெர்மாகோலைக் கத்தியால் செதுக்கித் தரச் சில கடைக்காரர்கள் தயாராக இருப்பார்கள். விழும்போது நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும் பகுதியே அதுதான். காதுக் குழி ஏற்கெனவே உள்ள வேறு ஹெல்மெட்டைப் பாருங்கள்.