162 சென்டிமீட்டர் உயரமும் ஒரு கீலும்

1998 பிப்ரவரி, ஜப்பானின் நாகானோ நகரம். குளிர்கால ஒலிம்பிக்கின் 500 மீட்டர் ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் தங்கம் வாங்கிய ஹிரோயாசு ஷிமிசுவின் உயரம் 162 சென்டிமீட்டர். வெள்ளி வாங்கிய கனடாவின் ஜெரமி வாதர்ஸ்பூன் ஆறடிக்கும் மேல். நீளமான கால்தான் இந்த விளையாட்டில் பெரிய வரம் என்பார்கள். அப்படியானால் ஷிமிசு எப்படி ஜெயித்தார்?

முதலில், பனிக்கட்டியில் ஒருவர் எப்படி வேகம் எடுக்கிறார் என்று பார்ப்போம். ஓடுகிறவர் தரையைப் பின்னால் தள்ளுகிறார். ஸ்கேட்டிங்கில் வேகம் பிடித்த பிறகு அது நடக்காது. பிளேடு நீளவாக்கில் வழுக்கும். அந்தத் திசையில் பிடிப்பே கிடையாது. பக்கவாட்டில் மட்டும் அதன் விளிம்பு பனியைக் கவ்விக்கொள்ளும். ஆகவே பிளேடைச் சற்று வெளிப்புறமாகத் திருப்பி, சறுக்கியபடியே பக்கவாட்டில் உதைக்கிறார்கள். உதையின் ஒரு பங்கு உடலை முன்னால் கொண்டுபோகிறது.

உதை நீளமாக இருக்க வேண்டுமென்றால் முழங்காலை நன்றாக மடக்கி உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும். இங்கேதான் ஷிமிசு கில்லாடி. தடித்த தொடைகள், தரையோடு தரையாகக் குனிந்த உடல். குனிவதில் இன்னொரு லாபமும் உண்டு. இந்த வேகத்தில் ஸ்கேட்டரின் சக்தியில் பெரும்பங்கைத் தின்பது காற்றுதான். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கேற்பக் கூடும்: 10% வேகம் கூட்ட, ஏறக்குறைய 33% கூடுதல் திறன் வேண்டும். சின்ன உடம்பு காற்றுக்குக் காட்டும் பரப்பும் சின்னது.

சரி, கீலுக்கு வருவோம். பழைய ஸ்கேட்டில் பிளேடு முழுக்க ஷூவோடு இறுகியிருக்கும். உதையின் கடைசியில் குதிகாலை உயர்த்தினால் பிளேடின் முனை பனியில் குத்தும், வேகம் செத்துவிடும். அதனால் குதிகாலை அழுத்தி வைத்தே உதைக்கப் பழகியிருந்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஆய்வாளர் கெரிட் யான் வான் இங்கன் ஸ்கெனாவும் அவரது குழுவினரும் பிளேடை முன்பாதத்துக்கு அடியில் ஒரு கீலில் மாட்டினார்கள். குதிகால் எழுந்தாலும் பிளேடு பனியிலேயே படிந்திருக்கும். காலைத் தூக்கியதும் ஸ்பிரிங் அதை 'டப்' என்று இழுத்து மூடும். அந்தச் சத்தத்தால்தான் கிளாப் ஸ்கேட் என்ற பெயர்.

கணுக்காலும் இப்போது உதைக்கிறது, அதனால்தான் வேகம் என்றுதான் பலரும் விளக்குவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அளந்து பார்த்தபோது பழைய ஸ்கேட்டிலும் கணுக்கால் கடைசியில் நீளத்தான் செய்தது. கூடுதல் வேலை பெரும்பாலும் முழங்காலிலிருந்து வந்திருந்தது. முன்பு பாதம் பிளேடின் முனையைச் சுற்றித் திரும்ப வேண்டியிருந்தது. கணுக்காலிலிருந்து அந்த முனை வெகு தூரம். கீல் அந்தத் திருப்புப் புள்ளியை முன்பாதத்துக்கு அடியில் இழுத்துவந்ததும், முழங்கால் தன் வேலையை முழுசாகச் செய்ய முடிந்தது.

நெடுந்தூரப் பந்தயங்களில் பலன் அப்பட்டமாகத் தெரிந்தது. 1994இல் பழைய ஸ்கேட்டில் யோஹன் ஒலாவ் காஸ் 10,000 மீட்டரை 13:30.55க்கு முடித்து உலக சாதனை படைத்தார். நாகானோவில் கிளாப் ஸ்கேட்டோடு ஜியானி ரொம்மே எடுத்துக்கொண்டது 13:15.33. 500 மீட்டர்க்காரர்களுக்கோ தயக்கம். புறப்படும்போது முதல் சில அடிகளை அவர்கள் சறுக்குவதில்லை, பிளேடின் மேல் ஓடுகிறார்கள். அப்போது கீல் திறந்துகொண்டு ஆடினால் என்னாவது? மின்னல் மாதிரிப் புறப்படுவதே ஷிமிசுவின் பலம். அவருக்குத்தான் ஆபத்து அதிகம். இருந்தும் அவர் கிளாப் ஸ்கேட்டுக்கு மாறினார்.

அப்புறம் வளைவு. வேகம் விநாடிக்கு 15 மீட்டர், உள்வளைவின் ஆரம் சுமார் 25 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், உள்நோக்கிய முடுக்கம் கிட்டத்தட்ட புவியீர்ப்பு அளவுக்கே வருகிறது. 40 பாகைக்கும் மேல் சாய்ந்தால்தான் விழாமல் இருக்க முடியும். கடைசி வளைவு உள்தடத்தில் அமைகிறதா வெளித்தடத்தில் அமைகிறதா என்பது முடிவையே மாற்றும் என்பதால், நாகானோவிலிருந்து ஒவ்வொருவருக்கும் தடம் மாற்றி இரண்டு ஓட்டம் கொடுத்தார்கள். ஷிமிசு 35.76, 35.59 என இரண்டிலும் அசத்தினார். ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் ஜப்பானின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. ஹொக்கைடோவின் ஒபிஹிரோவில் பிறந்து, சிறுவயதில் ஆஸ்துமாவோடு மல்லுக்கட்டியவர் வாங்கியது.

2001இல் சால்ட் லேக் சிட்டியில் 34.32 என்ற உலக சாதனை. அந்தப் பந்தயத் தளம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிது, எதிர்ப்பும் குறைவு. மறு ஆண்டு அதே தளத்தில் ஒலிம்பிக். இரண்டு ஓட்டங்களையும் கூட்டினால் ஷிமிசு 69.26, அமெரிக்காவின் கேசி ஃபிட்ஸ்ராண்டால்ஃப் 69.23. அந்த வேகத்தில் 0.03 விநாடி என்பது அரை மீட்டர்கூட இல்லை.