பட்டா யார் பேரில் இருந்தால் என்ன, உழுவது யார்?

வாழப்பாடிப் பக்கம் முக்கால் ஏக்கர் குச்சிக்கிழங்குக் (மரவள்ளி) காடு. குச்சி நடுவதிலிருந்து சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு லோடு ஏற்றும் வரை எல்லாம் அந்த அம்மாதான். வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போனால் வர நாளாகும். வேளாண் கணக்கெடுப்புக்குப் போய், சாகுபடி செய்பவர் யார் என்று கேட்டால், "எம் பேரு எதுக்குங்க சார், பட்டா மாமனார் பேர்லதான இருக்குது, அதையே போட்டுக்குங்க" என்கிறார். மாமனார் இறந்து பல வருடம் ஆகிறது.

புள்ளியியல் களப்பணியில் இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

வேளாண் கணக்கெடுப்பு 1970-71 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. பதினொன்றாவது கணக்கெடுப்புக்கு ஆதார ஆண்டு 2021-22, அதாவது நம் அடங்கலில் (ஊர்ப் பயிர்க் கணக்குப் பதிவேட்டில்) பசலி 1431, ஜூலை முதல் ஜூன் வரையிலான வருவாய்த் துறை ஆண்டு. அதில் கேட்பது நிலம் யாருக்குச் சொந்தம் என்பதை இல்லை. சொந்தமோ, குத்தகையோ, விளைச்சலைப் பங்கிடும் வாரமோ, யார் பொறுப்பில் வெள்ளாமை நடக்கிறது என்பதைத்தான். இதில் பெயர் ஏறினால் பட்டா மாறாது. பட்டா வேண்டுமென்றால் தாலுகா அலுவலகத்தில் தனியாக மனுப் போட வேண்டும். குத்தகைதாரர் பெயரைச் சொன்னால் காடு கைவிட்டுப் போய்விடும் என்று சில நில உரிமையாளர்கள் வாயை அடைக்கிறார்கள். குத்தகைப் பதிவுக்கு 1969-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அதற்கு மனு, விசாரணை எல்லாம் உண்டு. எங்கள் படிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எத்தனை முறை சொன்னாலும் அடுத்த ஊரில் மறுபடி இதே பேச்சு.

அப்பா பேரில் பிரிக்காமல் கிடக்கும் பட்டாவில் வரும் சிக்கல் இன்னும் மோசம். மூன்று ஏக்கர் புஞ்சையை அண்ணன் தம்பி மூன்று பேர் வரப்புப் போட்டு ஆளுக்கு ஒரு ஏக்கர் தனித்தனியாகப் பண்ணுகிறார்கள். அப்பா பேரையே சொன்னால், 1.2 ஹெக்டேர் வைத்திருக்கும் ஒரு சிறு விவசாயி என்று பதிவாகும். உண்மையில் அங்கே இருப்பது ஒரு ஹெக்டேருக்கும் கீழே உள்ள மூன்று குறு விவசாயிகள். நாட்டில் ஒரு சாகுபடியாளர் கையில் உள்ள சராசரி நில அளவு 1970-71-இல் 2.28 ஹெக்டேர், 2015-16-இல் 1.08 ஹெக்டேர். நிலம் இப்படித் துண்டாவது கணக்கில் ஏறாவிட்டால், திட்டம் போடுகிறவருக்கு எப்படித் தெரியும்?

அலுவலர் வரும்போது சிட்டா (உங்கள் நில விவரப் பதிவு) நகலை எடுத்து வையுங்கள். ஏக்கர், சென்ட் எதில் சொன்னாலும் சரி, மாற்றிக்கொள்வது எங்கள் வேலை. பக்கத்து ஊரில் துண்டு நிலம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கிணறு வற்றிப்போயிருந்தால் வற்றியது என்றே சொல்லுங்கள். ஏற்காட்டு மலையில் "காபிதாங்க" என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள், சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடியும் உங்கள் வெள்ளாமைதான். மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடும் என்று பயந்து நிலத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள். அந்தத் தகுதியை இந்தப் படிவத்தை வைத்துப் பார்ப்பதில்லை.

அப்புறம், காட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்களே, தயவு செய்து உங்கள் பேரைச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் ஊரிலிருந்து வரட்டும் என்று எங்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். என்ன நட்டீர்கள், எத்தனை மூட்டை உரம் போட்டீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.